அரைத்தூக்கத்தில் வந்த மெட்டு

அம்மான் நகரத்து இசை மேதை ஜவ்தத், காலை பத்து மணிக்கு முன்னால் படுக்கையை விட்டு எழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

“மெட்டெல்லாம் எப்படிப் பிறக்குது, உஸ்தாத்?” நேரடி ஒலிபரப்புக்காக வீட்டுக்கே வந்திருந்த வானொலி அறிவிப்பாளர் லுப்னா கேட்டாள்.

“நான் எங்க போடறேன்மா? காலையில அரைத்தூக்கத்துல இருக்கும்போது தேவதைங்க வந்து காதுல வாசிச்சுட்டுப் போறாங்க. தினமும் அதே மெட்டு!”

“தேவதைங்களாவது நேரத்தோட எழுந்திருக்காங்களே!” என்றபடி மனைவி ருதைனா ஏலக்காய்க் காபியை வைத்தாள்.

“இவளுக்கு இசை ஞானம் கம்மி. அதான் இன்னும் வாசிச்சே காட்டல.”

“நேயர்களுக்குப் பிடிச்சுட்டா, இனி எங்க வானொலியோட காலை மெட்டே இதுதான், உஸ்தாத்!”

எட்டு ஆண்டுகளாக ஒரு பாட்டும் ஓடாத மேதைக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. தெருவும் கேட்டுப் பயன்பெறட்டும் என்று ஒலிபெருக்கியைப் பால்கனிப் பக்கம் திருப்பினார். கண்களை மூடிக்கொண்டு கீபோர்டில் விரல்களை ஓடவிட்டார்.

முதல் அடி முடிவதற்குள் அக்கம்பக்கத்துக் கதவுகள் படபடவென்று திறந்தன. மாடிப்படிகளில் தடதடவென்று காலடிச் சத்தம்.

“பாத்தியா ருதைனா? தெருவே என் மெட்டுக்கு ஓடி வருது!”

ருதைனா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஆமாங்க. ஆளுக்கொரு காலி சிலிண்டரைத் தூக்கிட்டு வர்றாங்க.”

கீழே நின்ற பக்கத்து வீட்டுக்காரி, மூச்சு வாங்கக் கத்தினாள்.

“ஏண்டி ருதைனா, தினமும் காலையில வர்ற கேஸ் வண்டியோட பாட்டு கேட்டுச்சே... வண்டி எங்கடி?”