கைதட்டாத வீடு

செல்வினின் மகள் ஜோவிதாவுக்கு இரண்டரை வயது. வலிப்பு கிளம்பும்போதே மருந்தைச் சொட்டி அடக்கிவிடும் பொத்தான் ஒன்று அவள் காதுக்குப் பின்னால் பதிந்திருக்கிறது. ஒருமுறை கழற்றிப் பார்த்தார்கள்; உதடு நீலம் பாரித்துவிட்டது. பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆனால் வளர்கிற மூளை சந்தோஷத்தில் துள்ளினாலும் பொத்தானுக்கு அது வலிப்புதான். போன மாதம் ஜோவிதா "பூ" என்றாள். வீடே கைதட்டியது. அவள் குதித்தாள், பொத்தான் சிவந்து மருந்தைச் சொட்டியது. தூங்கி எழுந்தவளிடம் "பூ" என்ற சொல்லே இல்லை. அதற்கு முன்னால் "மீன்" போனதும் அப்படித்தான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் கைதட்டுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்வின் துணி மடித்துக்கொண்டிருந்தான். ஜோவிதா வந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தெளிவாக, "அப்பா" என்றாள்.

அவன் வாய் சிரிப்பில் விரியப் போனது. அடுப்படியிலிருந்து அவன் மனைவி பிளெசி, "ஏங்க, சிரிச்சிராதீங்க. அவளப் பாக்காம துணிய மடிங்க" என்றாள்.

"ம்" என்றான் செல்வின், சட்டையைப் பார்த்தபடி.

"அப்பா." முழங்காலை உலுக்கினாள். அவன் காலரை நீவிக்கொண்டே இருந்தான்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். சுவரோரம் நடந்துபோய், சொன்னால் விளக்கும் விசிறியும் போடுகிற பேச்சுப்பெட்டியின் முன் நின்றாள்.

"அப்பா?"

"சொல்லுங்க" என்றது பெட்டி, யார் கூப்பிட்டாலும் பேசுகிற அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில்.

பொத்தான் சிவக்கவில்லை. ஜோவிதா அங்கேயே உட்கார்ந்து பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். இந்தச் சொல் தங்கிவிடும் என்று செல்வினுக்குத் தெரிந்துவிட்டது.