ட்ரேயில் ஒட்டிய பெயர்

மருமகள் ஃபோலாகே தன் பெயர் எழுதி ட்ரேயில் ஒட்டியிருந்த சீட்டைக் கலாவதி சரக்கென்று உரித்தாள்.

ஃபோலாகேயின் முகம் விழுந்துவிட்டது. நைஜீரியாவில் அவளுடைய யோருபா வீட்டில் செய்வதுபோலவே, தட்டைப்பயறைத் தோல் நீக்கி அரைத்து, காலையிலிருந்து அகாரா பொரித்திருந்தாள்.

"அவ பேர் இருந்தா உனக்குக் கேவலமாம்மா?" என்றான் மகன் மதன்.

"நீ போய் காரை எடுடா."

எடிசன் நகரத் தமிழ்ச் சங்கப் பொங்கல் விருந்தில், 'கலாவதி' என்றிருந்த ட்ரே அரைமணியில் காலி. கடைசி இரண்டும் சங்கத்து உறுப்பினர் பர்வதத்தின் தட்டில்.

"வடை பஞ்சு மாதிரி இருக்கு கலாவதி, ரெசிபி அனுப்புங்க. உங்க மருமக ட்ரேயைத்தான் யாரும் தொடல. அவங்க ஊர் சமையல், என்னத்தப் போட்டாளோ."

"புளியும் கடலையும் போட்டிருக்கு. அது என் புளியோதரை. நீங்க சாப்பிடறதுதான் அவ பண்ணது."

பர்வதம் மெல்வதை நிறுத்தினாள்.

"போன வருஷமும் இதையேதான் கொண்டுவந்தா. அவ பேரைப் பாத்துட்டு ஒருத்தர்கூட ஃபாயிலைப் பிரிக்கல. அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனோம்."

பிரிக்காத ட்ரேயிலிருந்து 'ஃபோலாகே' சீட்டை உரித்து, காலி ட்ரேயில் அழுத்தி ஒட்டினாள் கலாவதி.