வழியனுப்பு

சவப்பெட்டியின் கண்ணாடிமேல் ஒரு கோழிக்குஞ்சு அரிசியைக் கொத்திக்கொண்டிருக்கிறது. கொன்றவனின் மனதை அது இப்படிக் கொத்தட்டும் என்று நாங்கள்தான் விட்டிருக்கிறோம். உள்ளே கிடப்பது என் அக்கா மார்சியானாவின் மகன். தேர்தலில் மாகாணக் கவர்னருக்கு எதிராக ஓட்டுக் கேட்டான்; கவர்னரின் ஆட்கள் சுட்டுவிட்டார்கள். அந்தக் கவர்னர் அப்ரெனிகாவே இப்போது கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைச் சட்டையில் வந்து நிற்கிறார். ஜப்பான்காரனோடு சண்டையிட்டு மலையில் பதுங்கியிருந்தபோது அக்கா சோறு சுமந்து போட்ட மனிதர். போர் முடிந்ததும் மேயரானார், பிறகு கவர்னரானார், நடுவில் இந்தப் பையனுக்கு ஞானத்தகப்பனும் ஆனார். மூலையில் சீட்டாடுகிறவர்களின் கைகள் நின்றுவிட்டன. “குஞ்சுக்குத் தண்ணி வைங்கப்பா, வெயிலா இருக்குல்ல,” என்கிறார் அவர். பிறகு அக்காவிடம் திரும்புகிறார். “ஞானஸ்நானத்துக்கு நான் கையில ஏந்தின புள்ள, மார்சியானா.” “ஆமா ஐயா. அன்னிக்கு உங்க கையில வீல்னு கத்தினான்,” என்கிறாள் அக்கா. அவர் கிளம்புகிறார். அக்காவும் எழுந்து கூடவே நடக்கிறாள். நான் அவள் கையைப் பிடிக்கிறேன். “சாவு வீட்டுல யாரையும் வழியனுப்பக் கூடாதுக்கா. போறவங்க பின்னாலயே சாவும் போகும்.” “தெரியும்டி.” என் விரல்கள் தாமாகவே அவளை விடுகின்றன. அவள் படியிறங்கிப் போய் கார்க் கதவைத் திறந்து பிடிக்கிறாள். “பாத்துப் போங்க ஐயா.” ஜப்பான் துப்பாக்கிக்கே அஞ்சாதவர் என்று மேடைதோறும் பேரெடுத்தவர், ஏறாமல் நிற்கிறார்.