ஐந்து நட்சத்திரக் குரல்

"தூக்கம் வரலைன்னா ஆன்லைன்ல டாக்டரா? அதுக்குத்தான் உன் போன்ல ஆப் போட்டுக் குடுத்திருக்கேனே!" கணவர் கத்திய கத்தலில் குக்கர் விசிலே அடங்கிப்போனது.

"மனசுல இருக்கிறதை ஒரு ஆள்கிட்ட சொன்னா நல்லா இருக்கும்ங்க," என்றாள் மனைவி. "மெதுவாப் பேசுங்க. காலையில வேலை இருக்கு, தொண்டை கட்டிக்கும்."

"பேச்சை மாத்தாதே! ஊரே அந்த ஆப்புக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கு. அதுல வர்ற குரலைக் கேட்டாலே மனசு லேசாயிடுதாம். உனக்கு மட்டும் என்ன கேடு?"

"எனக்குப் படபடன்னு வருதே."

"எங்கே, என் எதிர்ல போடு, பார்ப்போம்!"

அவள் போனைத் தட்டினாள். பஞ்சால் ஒற்றுவதுபோல் ஓர் ஆண்குரல் வந்தது: "கண்களை மூடுங்கள். எந்த அவசரமும் இல்லை. நீங்கள் சொல்வதையெல்லாம் நான் பொறுமையாகக் கேட்கிறேன்..."

"ஆகா, எவ்வளவு இதமா இருக்கு! இதைக் கேட்டா படபடப்பு வருமா?"

"ஊருக்கு வராதுங்க," என்றாள் அவள். "நீங்க ஸ்டுடியோவுல பேசிட்டு வர்றதை மட்டும்தானே அவங்க கேட்கிறாங்க. வீட்டுக்கு வந்து பேசுறதை நான்தானே கேட்கிறேன்!"