மூக்கு மட்டும் சுத்தம்

பேருந்துப் பணிமனையின் மருத்துவ அறையில், ஓட்டுநரின் இடது கையைச் சுற்றிய ரத்த அழுத்தப் பட்டை புஸ்புஸ்ஸென்று உப்புகிறது. இது வருடாந்தர உடல் தகுதிச் சோதனை. தேறினால்தான் நாளைக்கு வண்டியைத் தொட முடியும். ஒரு வாரமாக அடைத்திருந்த மூக்கு இன்று பளிங்குபோலச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் அதைக் கேட்பார் யாருமில்லை. நர்ஸின் பார்வை பாதரசத்தின் மேலேயே நிற்கிறது. ஜன்னல் வெயில் அந்தக் குழாயில் பட்டு, ஏறிக்கொண்டிருக்கும் வெள்ளிக் கோட்டை எல்லாருக்கும் காட்டிக்கொடுக்கிறது. "போன தடவையைவிட ரொம்ப ஏறியிருக்கே. பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டீங்களா?" "இல்லம்மா." "சளிக்கு ஏதாவது போட்டீங்களா?" ஓட்டுநர் சுவரில் மாட்டியிருக்கும் இதயப் படத்தைப் பார்க்கிறார். அது அமைதியாக இருக்கிறது. அவருடையதோ சட்டைப் பொத்தானை ஆட்டுகிறது. வாசலில் நிற்கும் மச்சினன், அதே வண்டியின் நடத்துநர், ஓரடி உள்ளே வருகிறான். "மாமாவுக்கு நான்தான் குடுத்தேன், சிஸ்டர். மூக்கடைப்பு மாத்திரை. சளியோட போனா தேற மாட்டாருன்னு காலையில ரெண்டு." "பிரஷர் இருக்கிறவருக்கா? அது ரத்தக் குழாயை இறுக்கிடும். நெஞ்சு வலிக்குதா?" "வலி இல்ல. படபடன்னு அடிச்சுக்குது," என்று ஒருவழியாக ஒப்புக்கொள்கிறார் ஓட்டுநர். நர்ஸ் டாக்டருக்குப் போன் போட்டபடியே கட்டிலைக் காட்டுகிறாள். அவர் படுக்கிறார். மச்சினன் குனிந்து அவருடைய ஷூ நாடாவை அவிழ்க்கிறான். அவசரத்தில் முடிச்சு இறுகுகிறது. "உங்கக்காகிட்ட நீயே சொல்லு," என்கிறார் ஓட்டுநர், அடுத்த காலையும் அவனிடமே நீட்டியபடி.