எட்டாத கொக்கி

"மேல இருக்கற கொக்கி, தட்டு எல்லாத்தையும் கழட்டிடுங்க. அத்தனையும் கீழ வந்துடணும்."

மருமகள் தச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாலே நாள். ஹாலில் புது நோட்டு, பழைய ஷூ, ஜோடி தொலைந்த சாக்ஸ் என்று கால் வைக்க இடமில்லை.

மாமனார் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்தார். காது மட்டும் தச்சர் பக்கம்.

ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். மகனும் மருமகளும் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிட, பேரனைப் பள்ளிக்கு அனுப்புவது மூன்று வருஷமாக அவர் பொறுப்பு. கொக்கியிலிருந்து பை, மேல் தட்டிலிருந்து யூனிஃபார்ம், ஷூவுக்குப் பாலிஷ். எல்லாம் முடிந்ததும் வாசலில் நின்று, "போலாம், ரைட்!" இந்த வருஷம் பேத்தியும் பள்ளியில் சேர்கிறாள்.

ஆனால் நாலு மாசமாக வலது தோள் மக்கர் பண்ணுகிறது. முப்பது வருஷம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிய கை, இப்போது தோளுக்கு மேல் எழ மாட்டேன் என்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால், "சின்னவன் வீட்ல போய் ரெஸ்ட் எடுங்கப்பா" என்று மூட்டை கட்டிவிடுவார்கள். அங்கே பிள்ளைகள் கிடையாது. காலையில் எழுந்து யாரை அனுப்புவது?

"எதுக்கும்மா இப்போ இதெல்லாம்? நல்லாத்தானே இருந்துச்சு?"

"பிள்ளைங்களுக்குத்தான் மாமா. அவங்க பொருளை அவங்களே எடுத்துப் பழகணும் இல்ல?"

சுருக்கென்றது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை சலூனுக்குப் போனார்.

விஷயத்தைக் கேட்ட சலூன்காரர் சிரித்தார். "ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழிச்சவருக்கு மருமக சீட்டைக் கிழிச்சுட்டாளா?"

"கெட்டிக்காரிய்யா அவ. நீங்க வேண்டாம்னு வாயால சொல்ல மாட்டா. கொக்கியை இறக்கியே சொல்லிட்டா."



திரும்பி வந்தபோது தச்சர் கடைசிக் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, பிள்ளைங்களை நிக்க வச்சு அளவெடுத்தாச்சா?"

"எங்க சார்! டேப்பை எடுக்கவே விடல. அந்த அலமாரிக் கதவுல கறுப்பா கறை இருக்கு பாருங்க, அதுக்கு ரெண்டு விரல் கீழ அடிங்கன்னாங்க. சின்னக் குழந்தைக்கு எட்டாதேம்மான்னேன். எட்டாட்டிப் பரவாயில்ல, இதுக்கு மேல மட்டும் போகவே கூடாதுன்னுட்டாங்க."

அலமாரிக் கதவைப் பார்த்தார்.

ஷூ பாலிஷ். நாலு விரல் தடம். ஒன்றல்ல, ஏழெட்டு. எல்லாம் ஒரே உயரத்தில். பாலிஷ் போட்ட கையோடு மேல் தட்டுக்கு எட்டப் பார்த்து, வலி தாங்காமல் அவர் கையை ஊன்றி நின்ற இடம்.

மற்ற கதவு, சுவரெல்லாம் தேய்த்துத் துடைத்தவள், அந்தக் கறையை மட்டும் துடைக்கவில்லை.

மெல்லக் கையைத் தூக்கினார். வலி ஆரம்பிப்பதற்கு முன்பே கொக்கி விரலில் பட்டது.

நாலு மாசமாக எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டதில்லை, கட்டிய கணவனிடம்கூடச் சொன்னதாகத் தெரியவில்லை. இப்படியும் ஒரு பெண் இருப்பாளா என்று மலைத்துப்போய் நின்றார்.

அதற்குள் பேத்தி புதுப் பையை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். கொக்கியில் மாட்டப் பார்த்து எம்பி எம்பிக் குதித்தாள்.

"அம்மா! எனக்கு எட்டவே இல்லம்மா!"

சாக்ஸுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்த மருமகள் தலையை நிமிர்த்தவில்லை.

"உனக்கு எதுக்குடி எட்டணும்? எடுத்துக் குடுக்கத்தான் தாத்தா இருக்காரே!"