ஏழாம் நம்பர் வீட்டுச் சாவி

அறையில் நான்கு பேர் இருந்தார்கள்: வார்டு தேர்தலில் நின்ற தையல்காரி, கட்டிவைத்த மெத்தைமேல் உட்கார்ந்திருந்த அவள் புருஷன், பக்கத்து வீட்டு நர்ஸ், சாவி வாங்க வந்த வாட்ச்மேன்.

"தலைபாடா அடிச்சுக்கிட்டேன், தேர்தல் நமக்கு வேண்டாம்னு. கேட்டியா? இப்ப வீடே போச்சு," என்றான் புருஷன்.

"விடுங்கண்ணே. அக்கா நமக்காகத்தானே நின்னாங்க," என்றாள் நர்ஸ்.

"உனக்கென்னம்மா, உன் வீடு உன்கிட்ட இருக்கு."

தையல்காரிக்குப் பிரசாரத்தில் கட்டிய தொண்டை இன்னும் சரியாகவில்லை. தையல் மிஷினைப் பழைய போர்வையில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்கம்மா. இந்தக் குறைஞ்ச வாடகை கார்ப்பரேஷன் வீடு ஏழைங்களுக்குத்தான், வருமானம் கூடினவங்க காலி பண்ணியே ஆகணும்னு மைக்ல முழங்கினது நீங்கதானே? கவுன்சிலர் சம்பளம் சேர்ந்ததும் நீங்களே வரம்பைத் தாண்டிட்டீங்க."

புருஷன் மெத்தையைத் தோளில் ஏற்றினான். "அந்தச் சம்பளம் வெளியில பாதி வாடகைக்குக் காணாது. பேசாம தோத்துத் தொலைச்சிருக்கலாம்ல?"

"அடுத்த தடவை பார்க்கலாம்," என்றாள் கவுன்சிலர்.

வெளியே, பல வருஷமாக வீடு கேட்டு அலைந்து, இப்போது இந்த வீடு ஒதுக்கப்பட்ட ஒருத்தி கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். கவுன்சிலர் சாவியை அவள் கையில் வைத்தாள்.

"காலி பண்ண இவ்வளவு நேரமா?" என்று சிடுசிடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். பூட்டு இரண்டு முறை திரும்பும் சத்தம் கேட்டது.